ஸ்காபரோவில் சட்டச் சிக்கலா? காசை எடுத்து நீட்டும் முன்

கனடா வந்து எட்டாவது மாதம். நாங்கள் வாடகைக்கு இருந்த பேஸ்மென்ட் கதவின் இடுக்கில் ஒரு தாள் செருகியிருந்தது. தலைப்பில் 'என்12' என்று இருந்தது. வீட்டுக்காரரின் மகன் குடிவரப்போகிறாராம். அறுபது நாளில் காலி செய்ய வேண்டுமாம். அன்றிரவே பலசரக்குக் கடைக்குப் போய் வெறும் வாழைப்பழப் பெட்டிகள் கேட்டு வாங்கி வந்தேன். மறுநாள், 'இப்படியான அலுவல்கள் பார்ப்பவர்' என்று வேலைத்தலத்தில் காட்டிவிட்ட ஒருவரிடம் 300 டொலர் கொடுத்தேன். அவர் ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதித் தந்தார். வீட்டுக்காரரிடம் இரக்கம் கேட்கும் கடிதம். ரசீது கிடையாது.

இரண்டு வாரம் கழித்துத்தான் சமூகச் சட்ட நிலையத்துக்குப் போனேன். 'லீகல் கிளினிக்' என்று வீட்டில் சொன்னபோது, என்ன வருத்தம் என்று அம்மா கேட்டார். அங்கே இருந்த பெண் தாளைப் புரட்டிவிட்டு முதலில் கேட்டது இதுதான்: "உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் சமையலறையோ குளியலறையோ ஒன்றா?" இல்லை என்றேன். "அப்படியானால் வாடகைச் சட்டம் உங்களுக்கு உண்டு" என்றார்.

நம்மவர்களில் பலர் இந்த ஒரு கேள்வியில்தான் தவறிவிடுகிறார்கள். ஒன்ராறியோவில், வீட்டு உரிமையாளரோடு அல்லது அவருடைய துணை, பிள்ளை, பெற்றோரோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர வேண்டிய ஏற்பாட்டில் இருப்பவருக்கு வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. சமையலறையும் குளியலறையும் தனியாக இருந்தால் கதை வேறு. என்12 என்பது அறிவித்தல் மட்டுமே. வெளியேற்றும் உத்தரவு அல்ல. நீங்கள் போகாவிட்டால் வீட்டுக்காரர், வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் 'வீட்டுரிமையாளர் வாடகையாளர் சபை'யில் விண்ணப்பிக்க வேண்டும், விசாரணை நடக்க வேண்டும், உத்தரவு வர வேண்டும். அந்த உத்தரவை நிறைவேற்றி உங்களை வெளியேற்றக்கூடியவர் ஷெரிஃப் என்ற நீதிமன்ற அலுவலர் மட்டுமே. பூட்டை மாற்றும் வீட்டுக்காரர் சட்டத்தை மீறுகிறார். இப்படி அறுபது நாள் தவணையில், தன் குடும்பத்துக்கு வீடு வேண்டும் என்று எழுப்புபவர் ஒரு மாத வாடகையை இழப்பீடாகத் தர வேண்டும். வாடகை பாக்கிக்காக வரும் என்4 என்றால், அந்தத் தாளிலேயே ஒரு தவணை குறித்திருக்கும். அதற்குள் பாக்கியைக் கட்டினால் அறிவித்தல் செல்லாது. இத்தனையையும் இருபது நிமிடத்தில், ஒரு சதமும் வாங்காமல் சொன்னார்கள். என்னுடைய 300 டொலர் போனது போனதுதான்.

இந்த நிலையங்கள் வருமானம் குறைந்தவர்களுக்கானவை. வாடகை, சமூக உதவிப் பணம், மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவு, சில இடங்களில் வேலை, குடிவரவு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். விவாகரத்து, குற்ற வழக்கு, வீடு வாங்குவது ஆகியவை அவர்கள் வேலை அல்ல. ஒவ்வொன்றுக்கும் எல்லை உண்டு. ஸ்காபரோவில் இருப்பவர் ஸ்காபரோ கம்யூனிட்டி லீகல் சேர்விசஸிடம் போகலாம். ஸ்டீல்ஸ் தெருவைத் தாண்டி மார்க்கம் நகரில் குடியிருந்தால் யோர்க் வட்டாரத்து நிலையம். எதிர்வீட்டு அக்கா போன இடம் உங்களுக்கும் பொருந்தும் என்று நினைக்காதீர்கள். இவற்றைத் தவிர, ரொறொன்ரோப் பெரும்பாகத்தின் தெற்காசியர்களுக்காக சவுத் ஏசியன் லீகல் கிளினிக் ஒஃப் ஒன்ராறியோ இருக்கிறது. எதுவும் தெரியாவிட்டால் 211 என்று அழையுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொன்னால் போதும். எந்த நிலையம் உங்களுக்குரியது என்று அவர்கள் தேடித் தருவார்கள்.

அகதிக் கோரிக்கை, குற்ற வழக்கு, பிள்ளைகளின் பொறுப்பு போன்றவற்றுக்கு லீகல் எயிட் ஒன்ராறியோ. வருமானம் பொருந்தினால், சட்டத்தரணியின் கட்டணத்தை அவர்களே கொடுப்பதற்கான சான்றிதழ் ஒன்று தருவார்கள். அதை ஏற்றுக்கொள்ளும் சட்டத்தரணியை நீங்களே தெரிவு செய்யலாம். தமிழ்ச் சட்டத்தரணியாகவும் இருக்கலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: சான்றிதழில் உங்கள் வழக்கை எடுத்தவர், அதே வேலைக்கு உங்களிடம் மேலதிகமாகக் காசு கேட்கக் கூடாது. 'அது அரசாங்கக் காசு, இது என் உழைப்புக்கு' என்று எவராவது சொன்னால் லீகல் எயிட்டுக்கே அழைத்துச் சொல்லுங்கள்.

வீட்டில் அடி, மிரட்டல் என்றால் லீகல் எயிட் இரண்டு மணி நேரச் சட்ட ஆலோசனையை இலவசமாகத் தருகிறது. பார்ப்ரா ஷ்லிஃபர் கிளினிக் பெண்களுக்காகவே இயங்குகிறது. கணவர் ஸ்பொன்சர் செய்து வந்த பெண்களிடம் 'விட்டுப் போனால் திருப்பி அனுப்பிவிடுவேன்' என்று மிரட்டுவது நம் வீடுகளில் கேட்காத வசனம் அல்ல. நிரந்தர வதிவிடம் கிடைத்துவிட்டவருக்கு அது வெறும் மிரட்டல். இரண்டு வருடம் சேர்ந்து வாழ வேண்டும் என்ற நிபந்தனை 2017 ஏப்ரலிலேயே நீக்கப்பட்டுவிட்டது. வதிவிடம் இன்னும் கிடைக்காதவர்தான் தாமதிக்காமல் ஆலோசனை கேட்க வேண்டும்.

சம்பளப் பாக்கிக்குச் சட்டத்தரணியே தேவையில்லை. தொழில் அமைச்சில் முறைப்பாடு செய்வது இலவசம், இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும். கையில் காசாக வாங்கிய சம்பளத்துக்கும் உரிமை உண்டு.

வருமானம் கொஞ்சம் கூடிவிட்டவர்கள் ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவையைக் கேட்கலாம். முப்பது நிமிடம் வரை இலவசமாகப் பேச ஒருவரைக் காட்டுவார்கள். கேள்விகளை எழுதிக்கொண்டு போகாவிட்டால் முப்பது நிமிடமும் ஊர்க் கதையில் கரைந்துவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது. வாகனத் தண்டச் சீட்டு, சிறு கோரிக்கை நீதிமன்றம், வாடகைச் சபை ஆகியவற்றுக்கு உரிமம் பெற்ற பராலீகல் (சட்டத்தரணி அல்லாத, சில வகை வழக்குகளை மட்டும் நடத்தக்கூடியவர்) போதும்; கட்டணமும் குறைவாக இருக்கும். சட்டத்தரணியின் பெயரும் பராலீகலின் பெயரும் சட்டச் சங்கத்தின் பட்டியலில் இருக்கும். குடிவரவு ஆலோசகரின் பெயர், அவர்களுக்கு உரிமம் வழங்கும் 'கொலிஜ்' என்ற அமைப்பின் பட்டியலில் இருக்க வேண்டும். காசு கொடுக்கும் முன் இரண்டு நிமிடம் பார்த்துவிடுங்கள்.

இலங்கையில் இருந்து வருபவர்கள் 'நோட்டரி' என்ற பலகையைக் கண்டு மயங்க வேண்டாம். ஊரில் நொத்தாரிசு உறுதி எழுதுபவர். இங்கே நோட்டரி கையொப்பத்துக்குச் சாட்சி சொல்வார், பிரதியை உறுதிப்படுத்துவார். அந்தப் பலகை ஒன்றே ஒருவரைச் சட்டத்தரணி ஆக்கிவிடாது.

போகும்போது தாளை மட்டுமல்ல, அது வந்த உறையையும் எடுத்துச் செல்லுங்கள். எந்தத் திகதியில் உங்கள் கைக்கு வந்தது என்பதில்தான் பல வழக்குகள் நிற்கின்றன. மொழிபெயர்க்கப் பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டிச் செல்ல வேண்டாம். மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். நீங்கள் சொல்வதை அவர்கள் வீட்டுக்காரருக்கோ குடிவரவுத் துறைக்கோ சொல்ல மாட்டார்கள், அது அவர்களைக் கட்டும் விதி. 'உங்கள் விடயத்தை எங்களால் பார்க்க முடியாது' என்று சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். யார் பார்ப்பார்கள் என்று கேட்டு, பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு எழும்புங்கள்.