பெங்களூரில் பழைய கார்: பணம் யார் கணக்குக்குப் போகிறது?

பழைய கார் வாங்குவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஊரில் தெரிந்த கார் கன்சல்டிங் இருக்கும், கூட வர ஒரு மெக்கானிக் இருப்பார், டீ குடித்தபடியே விலை முடியும். கோளாறு என்றால் கடை வாசலில் போய் நிற்கலாம். பஞ்சாயத்துக்கு நாலு பேர் வந்துவிடுவார்கள். பெங்களூரில் அந்த நாலு பேர் கிடையாது. இது எனக்கு 3,90,000 ரூபாய் கொடுத்த பிறகுதான் உறைத்தது.

கே.ஆர்.புரம் பக்கம் ஒரு கடை. உள்ளே நுழைந்ததும் ஒரு பையன், "அண்ணா, நான் தர்மபுரி" என்றான். மூன்று மாதமாக "கன்னடா கொத்தில்லா" (கன்னடம் தெரியாது) என்றே சொல்லிச் சலித்தவனுக்கு அது போதாதா? "டாக்டர் வண்டிண்ணா, சிங்கிள் ஓனர், டைரக்ட் பார்ட்டி." மீட்டரில் 48,000. அட்வான்ஸை ஒரு ஜிபே நம்பருக்கு அனுப்பச் சொன்னான், மீதியையும் அதே ஆளின் வங்கிக் கணக்குக்கு. யார் என்னவென்று கேட்காமலே அனுப்பினேன்.

ஐந்தாம் வாரம் கிளட்ச் போனது. மெக்கானிக் பானட்டைத் திறந்து, பேட்டரிக்குப் பின்னால் கைவிட்டு, கிரீஸ் அப்பியிருந்த ஒரு சின்ன ஸ்டிக்கரைத் துணியால் துடைத்துக் காட்டினார். ஆயில் மாற்றிய தேதி, கீழே பால்பாயிண்ட்டில் 1,12,400. பிறகுதான் பிரேக் பெடலைப் பார்த்தேன். ரப்பரில் ஒரு வரிகூட இல்லாமல் மழமழவென்று தேய்ந்திருந்தது. டெஸ்ட் டிரைவில் அதே பெடலை மிதித்தவன்தான் நான்.

கடைக்குப் போனால், "நாங்க வெறும் புரோக்கர் சார். வித்தது ஆர்சி ஓனர். அவர்கிட்ட கேளுங்க." இங்கேதான் மாட்டிக்கொண்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரியைப் பிடிக்கும். சொந்த வண்டியை ஒரு தடவை விற்கும் தனிமனிதரைப் பிடிக்காது. அவர்மேல் போக வேண்டுமென்றால் 1872 ஒப்பந்தச் சட்டப்படி சிவில் கோர்ட், வக்கீல், வாய்தா. என்னிடமிருந்த பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் பழைய ஓனர் கையெழுத்து. பணம் போனது கடைக்காரரின் மச்சான் கணக்குக்கு. கடை என்று ஒன்று இருந்ததற்கே காகிதத்தில் அடையாளமில்லை.

காப்பாற்றியவர் அந்தப் பழைய ஓனர்தான். டாக்டரெல்லாம் இல்லை, பேங்க்கில் வேலை. நாலு மாதம் முன்பே வண்டியைக் கடைக்கு விற்றுவிட்டிருந்தார். கடை சீல் போட்ட டெலிவரி நோட்டை எடுத்துக் காட்டினார். அதில் கிலோமீட்டர் 1,18,000. எனக்கு விற்றது கடைதான் என்பதற்கு அதுதான் ஆதாரம். மனுஷன் ஜெராக்ஸும் எடுத்துக் கொடுத்தார். ஒரு காபி வாங்கித் தரக்கூட விடவில்லை.

அதனால் கடை பெயரில் ரசீது, கடை பெயரிலுள்ள கணக்குக்குப் பணம், ரசீதில் கிலோமீட்டர் எண். இந்த மூன்றும் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகள் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்றிதழ் வாங்கவேண்டும் என்று விதி வந்திருக்கிறது. ஓனர் வண்டியை அவர்களிடம் ஒப்படைத்ததும் 29சி படிவத்தில் தெரிவிக்க வேண்டும். "புரோக்கர்தான் சார்" என்பவரிடம் இந்த இரண்டையும் கேளுங்கள், முகம் மாறும்.

மற்றபடி வழி நேரானதுதான். முதலில் கடைக்கு ஒப்புகையோடு நோட்டீஸ். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்தாலும் புகார் பதிவாகும். அசையவில்லையென்றால் ஈ-ஜாக்ரிதி என்ற இணையதளத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு வழக்கு. 5 லட்சம் வரை கொடுத்து வாங்கியதற்குக் கட்டணமே இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, கெடு 2 வருடம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். என் ஆதாரில் இன்னும் மதுரை விலாசம்தான். வாடகை ஒப்பந்தத்தை இணைத்தேன். ஏமாற்றியதற்கு போலீஸில் போக, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 318ஆம் பிரிவு உண்டு. "சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கி வந்தேன்.

"நீங்க செக் பண்ணியிருக்கலாமே" என்று எதிர்த்தரப்பில் கேட்பார்கள். கவனிக்காமல் வாங்கியவர் பிறகு ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்க முடியாது என்று ஒப்பந்தச் சட்டம் 19ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் அது வாய்மூடி மறைத்ததற்கும் தெரியாமல் தப்பாகச் சொன்னதற்கும்தான். மீட்டரைத் திருப்புவது தெரிந்தே செய்யும் மோசடி, அதற்கு அந்த விலக்கு ஒட்டாது. தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் ஓட்டினால் மட்டும், ஏற்றுக்கொண்டீர்கள் என்று வாதாட இடம் கொடுக்கிறீர்கள். வண்டியை நிறுத்துங்கள், போட்டோ எடுங்கள், கழற்றிய பாகங்களைப் பத்திரப்படுத்துங்கள். நான் கிளட்ச் பிளேட்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன், கிளட்ச் மாற்றிய காசு வரவே இல்லை.

வழக்கு பதிவாகி முதல் வாய்தாவுக்கு முன்பே கடைக்காரர் பேச வந்தார். 1,40,000 திரும்பி வந்தது, கார் என்னிடமே. போன வாரம் டின் ஃபேக்டரி சிக்னலில் அந்தத் தர்மபுரிப் பையன் பைக்கில் பக்கத்தில் வந்து நின்றான். "அண்ணா, வண்டி எப்படி ஓடுது?" என்றான்.