ஊருக்குப் போன இடத்தில் நுளம்பும் முசுறும் கடித்தால்

போன மார்கழியில் யாழ்ப்பாணம் கொக்குவிலில் அம்மம்மா வீட்டில் போய் இறங்கி இரண்டாம் நாள் காலை, என் ஆறு வயது மகளின் கணுக்கால்கள் இரண்டும் தேசிக்காய் அளவு தடிப்புகளோடு வீங்கியிருந்தன. அதே கட்டிலில் படுத்திருந்த மச்சாளின் மகனுக்குச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் மட்டும்தான். கடித்தது ஒரே வகை நுளம்புதான். அங்கேயே வளரும் பிள்ளைகளின் உடம்பு அந்த ஊர் நுளம்பின் எச்சிலுக்குப் பழகிவிடுகிறது, வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு அது புதிது. அதனால் வீக்கத்தைப் பார்த்தவுடன் பயந்துவிடாதீர்கள்.

முதல் வேலை, சோப்புப் போட்டுக் கழுவுவது. அப்புறம் குளிர்ச்சி. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்தால் அரிப்பு அடங்கும், கரண்ட் இல்லாத நேரம் என்றால் அப்போது அள்ளிய கிணற்றுத் தண்ணீரில் நனைத்த துவாயே போதும். பிள்ளைகளின் நகத்தை முதல் நாளே வெட்டிவிடுங்கள், ஏனென்றால் கடியை விடச் சொறிந்த புண்தான் அந்த வெக்கையில் சீழ் வைத்துப் பிரச்சினை தரும்.

அடுத்தது கற்றாழை. இதை எங்களில் பலர் அவசரத்தில் பிழையாகச் செய்கிறோம். அம்மம்மா கிணற்றடியில் நின்ற கற்றாழையில் தடித்த மடல் ஒன்றை அடியோடு வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்க ஒரு சிரட்டைக்குள் நிறுத்தி வைத்தார். மஞ்சள் நிறப் பால் சொட்டுச் சொட்டாக வடிந்தது. அந்தப் பால் தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பு இன்னும் கூடும். வடிந்து முடிந்த பிறகு முள் ஓரங்களைச் சீவி, தோலை உரித்து, உள்ளே இருக்கும் வழுவழுப்பான சோற்றை நன்றாகக் கழுவி, பிரிட்ஜில் வைத்துக் குளிரவிட்டு மகளின் காலில் ஒற்றி ஒற்றி வைத்தார். கால் மணித்தியாலத்தில் பிள்ளை சொறிவதை விட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடிவிட்டாள்.

வேப்பங்கொழுந்தும் மஞ்சளும் அரைத்துப் பூசுவதும் நல்லது, ஆனால் தோல் உடையாத இடத்தில் மட்டும். முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவிப் பாருங்கள், வெள்ளைப் படுக்கை விரிப்பில் மஞ்சள் கறை போகவே போகாது என்பதையும் நினைவில் வையுங்கள். சித்தாலேப தைலம் பெரியவர்களுக்குச் சரி. சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம், கண் மூக்குப் பக்கம் யாருக்குமே வேண்டாம்.

தேசிக்காய் தேய்க்கச் சொல்லி ஊரில் கட்டாயம் யாராவது சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். என் தம்பி காலையில் கையெல்லாம் தேசிக்காய்ப் புளி தேய்த்துக்கொண்டு காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குப் போனான். தேசிக்காய்ச் சாறு பட்ட தோலை வெயில் எரித்துவிடும் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. மறுநாள் கொப்புளம், பிறகு மாதக்கணக்கில் கறுத்த தழும்பு. சுண்ணாம்பும் அப்படித்தான், தோலைச் சுடும். பற்பசை, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம்.

மாமரத்தில் ஏறுகிற பிள்ளைகளுக்கு முசுறு என்கிற சிவப்பு எறும்பு கடிக்கும். கடித்த இடத்தில் அது அமிலத்தையும் பீச்சுவதால் உடனே கழுவினால் எரிவு வேகமாகக் குறையும். மழைக்குப் பிறகு முருங்கை மரத்தடியில் கவனம், மசுக்குட்டிகள் (கம்பளிப்பூச்சிகள்) அடியில் கூட்டமாக ஒட்டிக்கிடக்கும். மேலில் பட்டுவிட்டால் தேய்க்கவே கூடாது, ஒட்டும் டேப்பை அழுத்தி இழுத்து மயிரை எடுத்துவிட்டு அப்புறம் கழுவுங்கள், உடுப்பையும் மாற்றுங்கள். தேனீ கொட்டினால் கொடுக்கை உடனே எடுங்கள். எப்படி எடுக்கிறோம் என்பதை விட எவ்வளவு கெதியாக எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். எதுவானாலும் கடித்த பிறகு உதடு, முகம் வீங்கினால், மூச்சு இழுத்தால், தலை சுற்றினால் வைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காமல் 1990க்கு அடியுங்கள், இலவச அம்புலன்ஸ் வரும். ஒவ்வாமை ஊசி வைத்திருப்பவர்கள் அதைப் பெரிய சூட்கேஸில் அல்ல, கைப்பையில் கொண்டு போங்கள்.

இவையெல்லாம் அரிப்புக்கும் வீக்கத்துக்கும்தான், நோய்க்கு இல்லை. இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது, ஆனால் டெங்கு இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் அது மாரி மழையோடு கூடும். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, அதனால் இரவு வலை மட்டும் காணாது, காலையிலும் பின்னேரத்திலும் முழுக்கால் உடுப்புப் போடுங்கள், நுளம்பு விரட்டும் கிறீமை இங்கிருந்தே கொண்டு போங்கள். காய்ச்சல் வந்தால் பனடோல் (பாரசிட்டமோல்) மட்டும், அதுவும் அளவோடு. அஸ்பிரினும் இபுபுரோபனும் டெங்கில் இரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை, தொடவே வேண்டாம், அன்றே வைத்தியரைப் பாருங்கள். திரும்பி வந்து இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் காய்ந்தாலும், அல்லது உடம்பில் எங்காவது வலியில்லாத கறுத்த பொருக்கு ஒன்று தெரிந்தாலும், இலங்கைக்குப் போய் வந்ததை வைத்தியரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், அவர்களாகக் கேட்கமாட்டார்கள்.