பில்டர் பாஸைக் கூப்பிட முன்

போன வருடம் எங்கள் வெள்ளவத்தை பிளாட்டில், குசினிச் சிங்குக்குக் கீழே இருக்கிற ஆர்.ஓ. பில்டரில் தண்ணீர் நூல்போல வரத் தொடங்கியது. சர்வீஸுக்கு வந்தவர் ஒன்றையும் கழற்றிப் பார்க்காமலே "மெம்பிரேன் போயிட்டுது" என்றார், அதாவது தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கிற சவ்வு. உண்மையில் போனது, வடித்த தண்ணீர் சேருகிற சின்னத் தாங்கியின் காற்று. சைக்கிள் பம்போடு தீர்ந்த வேலை.

அதனால் தண்ணீர் மெதுவாக வந்தால் முதலில் அந்தச் சின்னத் தாங்கியைத் தூக்கிப் பாருங்கள். பாரமாக இருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது, அதை வெளியே தள்ளத்தான் காற்று இல்லை. மெஷினுக்கு வரும் தண்ணீரை மூடி, தாங்கியை முழுக்க வெறுமையாக்கி, அதிலுள்ள டயர் வால்வு மாதிரியான வால்வில் 7 பிஎஸ்ஐ அளவுக்கு அடியுங்கள். கூட அடித்தால் தாங்கி தண்ணீர் கொள்ளாது. அந்த வால்வால் தண்ணீர் வந்தால் உள்ளே ரப்பர் பை கிழிந்துவிட்டது, தாங்கியையே மாற்ற வேண்டியதுதான். தூக்கும்போது லேசாக இருந்தால் கதை வேறு, தண்ணீர் தாங்கிக்கே வந்து சேரவில்லை. மண்ணைப் பிடிக்கிற முன் பில்டரைத் திறந்து பாருங்கள்.

அது அடைபடுவதில் ஆச்சரியமில்லை. களனி கங்கைத் தண்ணீரை அம்பத்தலையில் சுத்திகரித்துத்தான் அனுப்புகிறார்கள், ஆனால் வழியில் பழைய பைப்புகள், அப்புறம் பிளாட்டின் நிலத்தடித் தொட்டி, மொட்டைமாடித் தாங்கி என்று எல்லாவற்றின் மண்ணையும் கொண்டுதான் நம் குசினிக்கு வருகிறது. ஆறு மாதம், ஒரு வருடம் என்று பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். வெள்ளைப் பில்டர் தேத்தண்ணி நிறத்துக்கு வந்து தண்ணீரும் குறைந்தால் மாற்றுங்கள். பைப் திருத்திய பிறகு மண்ணிறமாக வந்தால் தெளியும்வரை மெஷினை மூடிவையுங்கள். தெரு முழுக்க அப்படியென்றால் நீர் வழங்கல் சபைக்கு 1939, உங்கள் பிளாட்டில் மட்டும் என்றால் தொட்டி எப்போது கழுவியது என்று நிர்வாகத்தைக் கேளுங்கள்.

குளோரினை எடுக்கிற கார்பன் பில்டர் கெட்டது பார்வைக்குத் தெரியாது. பில்டர் தண்ணீரை ஒரு போத்தலில் பாதிக்கு நிரப்பி, மூடிக் குலுக்கி, திறந்த உடனே மணந்து பாருங்கள். குளோரின் மணம் வந்தால் கார்பன் முடிந்துவிட்டது. இதை நாள் கடத்தாதீர்கள், ஏனென்றால் குளோரின்தான் மெம்பிரேனை அரிக்கும். விலை குறைந்த கார்பனை மாற்றாமல் விட்டு விலை கூடிய மெம்பிரேனைச் சாகவிடுகிற வீடுகள்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

மெம்பிரேனுக்கு, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் உதவும், ஆனால் இரண்டு இடத்தில் அளக்க வேண்டும், பைப் தண்ணீரில் ஒன்று, பில்டர் தண்ணீரில் ஒன்று. நல்ல மெம்பிரேன் பத்தில் ஒன்பது பங்கைக் கழித்துவிடும். முக்கால் பங்குதான் கழிகிறது என்றால் மாற்றுகிற நேரம். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீர் மாதிரி இல்லை, கொழும்புத் தண்ணீரில் உப்பு முதலிலேயே குறைவு, அதனால் மீட்டரில் சின்ன எண் வந்ததும் மகிழ வேண்டாம். அந்த மீட்டருக்குக் கிருமியும் தெரியாது, குளோரினும் தெரியாது.

கழிவுக் குழாயில் இரவெல்லாம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறதா? தாங்கியின் வால்வையும் குடிதண்ணீர்க் குழாயையும் மூடிவிட்டு ஒரு கால் மணி நேரம் பொறுங்கள். அதற்குப் பிறகும் ஓடினால் தானாக மூடும் வால்வு வேலை செய்யவில்லை, இல்லாவிட்டால் ஒருவழி வால்வு. பம்ப் உள்ள மெஷினில் பம்ப் ஓயாமல் இரைவதும் இதே கோளாறாக இருக்கலாம். இதற்கு மட்டும் பாஸைக் கூப்பிடுங்கள், பில் தண்ணீருக்கும் சேர்த்து ஏறுகிறது.

உங்கள் மெஷினில் கிருமி கொல்லும் யூ.வி. (புற ஊதா) லைட் இருந்தால், அது நீலமாக எரிகிறது என்று நம்பிவிடாதீர்கள். சுமார் 9,000 மணி நேரம், அதாவது ஒரு வருடத்தில் கிருமி கொல்லும் சக்தி குறைந்துவிடும், வெளிச்சம் மட்டும் மிஞ்சும். சந்தேகம் வந்தால் திகதியைப் பாருங்கள், லைட்டை வெறுங்கண்ணால் பார்க்க வேண்டாம்.

இன்னொன்று, நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போய் மூன்று கிழமை கழித்துத் திரும்புகிறீர்கள் என்றால், கார்பன் குளோரினை எடுத்துவிட்ட அந்தத் தாங்கித் தண்ணீர் பாதுகாப்பு இல்லாமல் அவ்வளவு நாளும் தேங்கிக் கிடந்திருக்கும். முதல் தாங்கித் தண்ணீர் முழுவதையும் பூச்செடிக்கு ஊற்றுங்கள், இரண்டாவதில் தேத்தண்ணி போடலாம்.