டச்சு மொழியில் பார்வையின்மை குறித்த சொற்கள்: புதிதாகக் கற்பவர்களுக்கு

டச்சுச் சொற்கள் நீளமாக இருந்தாலும் பெரும்பாலும் ஒட்டுச் சொற்கள்தான். பிரித்துப் படித்தால் மனதில் நிற்கும். உச்சரிப்பை ஏறக்குறையத் தமிழில் தந்திருக்கிறேன். 'ஹ்' வரும் இடங்களில் பெரும்பாலும் தொண்டையை உரசிச் சொல்ல வேண்டும்.

படி 1: 'ப்ளிண்ட்' என்பதில் தொடங்குங்கள். ஆங்கில 'பிளைண்ட்' என்பதன் அதே எழுத்துகள்தான், ஆனால் குறில் 'இ'. தமிழில் 'குருடர்' என்றால் மனம் புண்படும். ப்ளிண்ட் அப்படியில்லை, தயங்காமல் சொல்லலாம். ஓரளவு பார்வை உள்ளவர் 'ஸ்லெஹ்ட்ஸீன்ட்' (ஸ்லெஹ்ட்: மோசமான, ஸீன்ட்: பார்க்கிற). ஆங்கிலத்தில் பார்ஷலி சைட்டட்.

படி 2: அடுத்து தெருவுக்கு வாருங்கள். 'விட்ட ஸ்டொக்' வெள்ளைக் கைத்தடி, அதாவது ஒயிட் கேன். 'ஹெலெய்டஹொண்ட்' வழிகாட்டி நாய், கைட் டாக். ஹொண்ட் என்றால் நாய். ரயில் நிலையத் தரையில் வரிவரியாக மேடு தட்டிய கோடு ஓடும். அதைத் தடியால் தடவியபடியே நடப்பார்கள். அதன் பெயர் 'ஹெலெய்டலெய்ன்'. சிக்னல் கம்பத்தில் டிக் டிக் என்று ஒலிப்பது 'ராடல்டிக்கர்': சிவப்புக்கு மெதுவாக, பச்சைக்கு வேகமாக. அப்புறம், நெதர்லாந்தில் சைக்கிள் ஓட்டப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். சிவப்பு வளையமிட்ட வெள்ளைத் தடியோடு வரும் பார்வையற்றவருக்கு வழிவிட்டே ஆக வேண்டும் என்கிறது 1990ஆம் ஆண்டின் போக்குவரத்து விதி.

படி 3: கண்ணோடு தொடர்பே இல்லாத 'ப்ளிண்ட்'களைத் தனியாக எழுதி வையுங்கள். 'ப்ளிண்ட் டீப்பன்' விசைப்பலகையைப் பார்க்காமல் தட்டச்சு செய்வது, டச் டைப்பிங். 'ப்ளிண்டடர்ம்' பேச்சுவழக்கில் குடல்வால், அப்பெண்டிக்ஸ். 'ப்ளிண்ட முர்' ஜன்னல் இல்லாத சுவர். இவற்றைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் பொருள் கெட்டுவிடும். பழமொழி ஒன்றும் உண்டு: 'இன் ஹெட் லண்ட் டெர் ப்ளிண்டன் இஸ் ஏனோஹ் கோனிங்', பார்வையற்றோர் நாட்டில் ஒற்றைக்கண்ணன் ராஜா. ராட்டர்டாம்காரரான எராஸ்மஸ் தன் லத்தீன் பழமொழித் தொகுப்பில் இதைச் சேர்த்திருக்கிறார். நம் 'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை'தான் அது.

படி 4: கடைசியாக, கண் மருத்துவரிடம் போகும்போது. 'ஹ்ரௌவ ஸ்டார்' கண்புரை, காட்டரேக்ட். 'ஹ்ரூன ஸ்டார்' கண் அழுத்த நோய், கிளாக்கோமா. ஹ்ரௌவ என்றால் சாம்பல் நிறம், ஹ்ரூன என்றால் பச்சை. வெறுமனே 'ஸ்டார்' என்றால் பெரும்பாலும் கண்புரையைத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் எந்த ஸ்டார் என்று மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள், இரண்டுக்கும் சிகிச்சை வேறு.