உயரமானவர்களுக்காகக் கார் இருக்கையை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆறடிக்கு மேல் உயரம் உள்ளவர் சிறிய காரின் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தால் ஒன்று தலை கூரையில் தட்டும், இல்லையேல் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். பலரும் உடனே குஷன் கடைக்கோ வெல்டிங் பட்டறைக்கோ காரைக் கொண்டுபோய், இருக்கையைத் தாழ்த்தித் தரும்படியோ பின்னுக்குத் தள்ளித் தரும்படியோ கேட்கிறார்கள். வேலை சீக்கிரம் முடிந்துவிடும். உட்கார்ந்து பார்த்தால் வசதியாகவும் இருக்கும். ஆனால் இருக்கை, சீட் பெல்ட், காற்றுப்பை (ஏர்பேக்) ஆகிய மூன்றும் ஒன்றையொன்று கணக்கில் கொண்டே வடிவமைக்கப்படுகின்றன. ஒன்றை இரண்டு அங்குலம் நகர்த்தினாலும் மற்ற இரண்டும் எதிர்பார்த்தபடி வேலை செய்யாமல் போகலாம். பட்டறை வாசலில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இது தெரிய வழியில்லை.

எந்த இடம் போதவில்லை என்று பார்க்காமலே வேலையில் இறங்குவதுதான் பரவலாக நடக்கும் தவறு. உயரம் ஒன்றாகவே இருந்தாலும் சிலருக்கு முதுகு நீளம், சிலருக்குக் கால் நீளம். முதுகு நீளமானவருக்கு இருக்கை தாழ்ந்தால் போதும். கால் நீளமானவருக்கு அதே வேலையைச் செய்தால் முழங்கால் இன்னும் மேலேறி, தொடைக்குக் கீழே தாங்கல் இல்லாமல் போய், ஒரு மணி நேரப் பயணத்திலேயே இடுப்பு வலிக்கத் தொடங்கும். இருக்கையைப் பின்னுக்குத் தள்ளுவதிலும் இதே சிக்கல் உண்டு: மேலும் கீழும் மட்டுமே அசையும் ஸ்டியரிங் உள்ள கார்களில் இருக்கை பின்னால் போன அளவுக்குக் கையும் நீள வேண்டியிருக்கும். முதுகை இருக்கையோடு முழுவதும் ஒட்டிவைத்து, கிளட்சை அடிவரை மிதித்துப் பாருங்கள். அப்போதும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். தோள் இருக்கையை விட்டு எழாமலே மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியைத் தொட வேண்டும். தலைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு கைமுட்டி நுழைய வேண்டும். இந்த மூன்றில் எது தவறுகிறதோ அதை மட்டும் சரிசெய்யப் பார்ப்பதே முறை.

காரில் ஏற்கெனவே உள்ள வசதியைப் பயன்படுத்தாமல் விடுபவர்களும் குறைவில்லை. இருக்கையின் பக்கவாட்டில் உள்ள உயரம் மாற்றும் நெம்புகோலை வாங்கிய நாளிலிருந்து தொடாதவர்கள் இருக்கிறார்கள். அதைவிட வேடிக்கை, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற இடங்களில் தடித்த ஃபோம் வைத்துத் தைத்த சீட் கவரைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் ஒரு மெத்தையையும் வைத்துவிட்டு, தலை இடிக்கிறது என்று வருந்துவது. அவற்றைக் கழற்றினாலே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் செலவில்லாமல் கிடைத்துவிடும். இருக்கையின் தோளோரத்தில் பக்கவாட்டுக் காற்றுப்பை உள்ள கார்களில், அதற்கென வடிவமைக்காத கவர் பை விரிவதையே தடுக்கக்கூடும். தலைக்கு இடம் வேண்டும் என்று முதுகுச் சாய்வை மட்டும் வெகுவாகச் சரித்துக்கொள்வதும் சரியன்று. அப்போது சீட் பெல்ட்டின் தோள்பட்டி மார்பை ஒட்டாமல் விலகி நிற்கும்; மோதலில் உடல் பட்டிக்குக் கீழே வழுக்கிச் செல்லும்.

ஃபோமைக் குறைப்பதே ஒப்பீட்டளவில் ஆபத்துக் குறைவான வழி. மஸ்டா எம்.எக்ஸ்-5 போன்ற சிறிய ஸ்போர்ட்ஸ் கார்களை வைத்திருக்கும் உயரமானவர்கள் நெடுங்காலமாக இதைச் செய்து வருகிறார்கள். ஆனால் எங்கே வெட்டுவது என்பதில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். மேற்பரப்பில் வெட்டினால் அச்சில் வார்த்த வடிவம் கெட்டு, மேலுறை சுருங்கித் தொங்கும். உறையை இழுத்துப் பிடித்திருக்கும் கம்பி வளையங்களைக் கழற்றி, ஃபோமைக் கவிழ்த்து, இடுப்பின் இரண்டு எலும்புகளும் அழுந்தும் இடத்துக்கு நேர் கீழே மட்டும், அடிப்பக்கத்திலிருந்து சிறிது சிறிதாக எடுக்க வேண்டும். ஒரே தடவையில் ஆழமாக வெட்டிவிட்டால் அதைத் திரும்ப ஒட்ட முடியாது. உள்ளே கம்பிச் சுருள்கள் இருந்தால், பள்ளத்தில் செல்லும்போது அவற்றின் அழுத்தம் நேராக எலும்பில் தெரியும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

முன்விளிம்பில் மட்டும் கைவைக்கவே கூடாது. இருக்கையின் முன்பகுதி சற்று உயர்ந்திருப்பது தொடைக்குச் சொகுசு தருவதற்காக மட்டும் இல்லை. மோதலில் இடுப்பு முன்னால் வழுக்காமல் தடுத்து, மடிப்பட்டியை இடுப்பெலும்பின் மேலேயே நிறுத்தி வைப்பதும் அதுதான். அதைச் சமமாக்கிவிட்டால் பட்டி மேலேறி மென்மையான வயிற்றை நெரிக்கும். குடலும் கல்லீரலும் சிதையும் காயங்கள் அப்படித்தான் உண்டாகின்றன. எடுத்த ஃபோமுக்குப் பதிலாகக் கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்பாஞ்சைத் திணிப்பதும் தவறு. காரின் உட்புறப் பொருள்கள் எவ்வளவு மெதுவாக எரிய வேண்டும் என்பதற்குத் தர விதி உண்டு. மெத்தைக்கடை ஸ்பாஞ்ச் அந்தச் சோதனைக்கு உட்பட்டதன்று.

இருக்கை முன்னும் பின்னும் நகர உதவும் சீட் ரெயிலை நீட்டும் வேலையில் தவறு நேர்ந்தால் அதன் விலை உயிராக இருக்கலாம். ஐக்கிய நாடுகளின் வாகன விதி எண் 17, இருக்கையும் அதன் பிடிமானமும் புவியீர்ப்பைப் போல் 20 மடங்கு வேகமாறுதலைத் தாங்க வேண்டும் என்கிறது. 20 கிலோ எடையுள்ள இருக்கை அந்த நொடியில் ஏறக்குறைய 400 கிலோ இழுவையாக மாறும். பெல்ட்டின் பூட்டு இருக்கைச் சட்டத்திலேயே பொருத்தப்பட்ட கார்களில் ஓட்டுநரின் உடல் பாரத்தில் ஒரு பங்கும் இருக்கையைத் தரையோடு பிணைக்கும் நான்கு போல்ட்டுகள் வழியாகவே தரைக்கு இறங்குகிறது. பட்டறையில் அறுத்துத் துளையிட்ட ஒரு தகட்டை நடுவில் வைத்து இருக்கையைப் பின்னுக்கு நகர்த்தினால், பாரம் நேராக இறங்காமல் தகட்டை வளைக்கத் தொடங்கும். தரையில் புதிதாகத் துளை போடுவது அதைவிட மோசம். தொழிற்சாலைத் துளைகளின் கீழே வலுவூட்டல் இருக்கும். மற்ற இடங்களில் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய தகடுதான். அடியில் பிரேக் குழாயோ எரிபொருள் குழாயோ செல்லலாம். மின்சாரக் காராக இருந்தால் பேட்டரியே இருக்கக்கூடும்.

போல்ட்டின் தலையில் 8.8, 10.9 என்று பொறித்திருப்பது அதன் வலிமைத் தரம். பழையதைத் தொலைத்துவிட்டு, குறியீடு எதுவும் இல்லாத போல்ட்டை ஹார்டுவேர் கடையில் வாங்கிப் பூட்டுவது அந்த நான்கில் ஒன்றைக் கைவிடுவதற்குச் சமம். வாஷர்களை அடுக்கி உயர்த்தினாலும் மரை பிடிக்கும் நீளம் குறைந்துவிடும். இருக்கைச் சட்டத்தில் வெல்டிங் வைப்பதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன். உயர்வலு எஃகு சூடுபட்ட இடத்தில் தன் வலிமையை இழக்கும். இவையெல்லாம் சரியாகவே அமைந்தாலும், முன்கதவுக்குப் பின்னால் உள்ள நடுத்தூணை இருக்கை தாண்டிப் பின்னால் போய்விட்டால் பெல்ட்டின் மேல்வளையம் தோளுக்கு முன்னால் வந்துவிடும். பட்டி தோளைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும்.

இருக்கையைக் கழற்றும்போது அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் தெரிந்தால் அது காற்றுப்பை அல்லது பெல்ட் இறுக்கியின் இணைப்பு. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, சில நிமிடங்கள் காத்திருந்து, பிறகே அதை விடுவிக்க வேண்டும். இருக்கை வெளியே இருக்கும்போது சாவியைப் போட்டுப் பார்த்தால் எச்சரிக்கை விளக்கு எரிந்து, பிழையும் பதிவாகிவிடும். அதை அணைக்கச் சர்வீஸ் மையத்துக்குப் போக நேரிடும். முழங்காலுக்கு இடம் வேண்டி ஸ்டியரிங்கையே சிறியதாக மாற்றுவோரும் உண்டு. அதோடு காற்றுப்பையும் போய்விடுகிறது என்பதால் அதைப் பற்றி மேலும் பேசத் தேவையில்லை.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தம் அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமளிக்கிறது. ஃபோமைக் குறைப்பது பதிவு விவரத்தைத் தொடாது. ஓட்டுநருக்கு இடம் வேண்டி ஓர் இருக்கையை எடுத்துவிடுவதோ இருக்கை எண்ணிக்கையைத் தொடும். கட்டமைப்பில் மாற்றம் இருந்தால் காப்பீட்டு நிறுவனமும் கேள்வி எழுப்பும். எழுத்து வழியாக முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

வேலை முடிந்ததும் நான்கு போல்ட்டுகளையும் கையால் மரை பிடிக்கவிட்டு, பிறகு கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். இருக்கையை முன்னும் பின்னும் தள்ளி, இரண்டு ரெயில்களிலும் பூட்டு விழும் ஓசை கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூட்டினால் இருக்கை கோணலாக நிற்கும். அந்த நிலையில் காரை வீட்டு வாசலைத் தாண்டி எடுக்கக் கூடாது.