ஷாத்தோநஃப்-து-பாப்: அடர்த்தியான சிவப்பு ஒயினைச் சுவைத்துப் பழகுவது எப்படி?

பல திராட்சை ரகங்களைச் சேர்த்துச் செய்த கலவை ஒயினைப் புதிதாகக் குடிப்பவர்கள் "ஸ்ட்ராங்கா இருக்கு" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். எந்த ருசி எந்தத் திராட்சையுடையது என்று பிடிபட வேண்டுமானால், தெற்கு பிரான்சில் ரோன் ஆற்றங்கரையில் விளையும் ஷாத்தோநஃப்-து-பாப் ஒயினிலிருந்து தொடங்கலாம். விலை கையைக் கடித்தால், அதே திராட்சைகளில் செய்த கோத்-து-ரோன் போதும்.

1. பாட்டிலைப் பாருங்கள். பல பாட்டில்களின் கண்ணாடியிலேயே போப்பின் மகுடமும் சாவிகளும் புடைப்பாக இருக்கும். 1309 இல் போப்பின் இருப்பிடம் பக்கத்து நகரமான அவிஞோனுக்கு மாறியது. பிறகு வந்த 22ஆம் ஜான் இந்த ஊரில் கோட்டை கட்டினார். ஊரின் பெயரில் உள்ள 'து-பாப்' (போப்பின்) என்பது இந்தப் போப் தொடர்பால் வந்ததுதான். லேபிளில் ஆல்கஹால் அளவைக் கவனியுங்கள்: 14 முதல் 15 சதவீதம் வரை இங்கே சாதாரணம்.

2. குளிர வையுங்கள். அறை வெப்பத்தில் பரிமாறு என்று சொல்வார்கள். அது நம் ஊர் அறை அல்ல. 16 முதல் 18 டிகிரி வேண்டும். 30 டிகிரியில் குடித்தால் ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறும். நம் ஊர் வெப்பத்தில் ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டியிருக்கும்.

3. டம்ளரில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, சுழற்றி, முகருங்கள். அவசரம் வேண்டாம், விஷயமே இங்கேதான் இருக்கிறது. விதிப்படி 13 ரகங்கள் (நிற வேறுபாடுகளையும் தனித்தனியாக எண்ணினால் 18) சேர்க்கலாம் என்றாலும், முக்கியமானவை மூன்று. ஸ்ட்ராபெர்ரி வாசமும் நாக்கில் லேசான இனிப்புச் சாயலும் வந்தால் அது கிரெனாஷ். பெரும்பாலும் கலவையில் பாதிக்கு மேல் இதுதான். ஆல்கஹாலைக் கூட்டுவதும் இதுவே, ஆனால் நிறம் வெளிறியது. அந்தக் குறையைத் தீர்ப்பது சிரா: கருநிறம், அப்புறம் மிளகு வாசம். இடித்த மிளகை முகர்ந்துவிட்டு ஒயினை முகர்ந்தால் சட்டென்று தெரியும். ரொட்டண்டோன் என்ற ஒரே வேதிப்பொருள்தான் இரண்டிலும் அந்த வாசத்தைத் தருகிறது. தோல், இறைச்சி போன்ற கனத்த வாசம் முர்வேத்ர்.

4. ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டுங்கள். ஈறில் பிடிக்கும் துவர்ப்பில் பெரும்பங்கு முர்வேத்ருடையது. ஒயின் பல ஆண்டு தாங்குவதற்கு அது உதவுகிறது. வாய் நிறையும் அந்தக் கனத்துக்கு ஊரும் காரணம். விளைச்சலுக்கு ஹெக்டேருக்கு 35 ஹெக்டோலிட்டர் (3,500 லிட்டர்) ஒயின்தான் அடிப்படை வரம்பு, கையால்தான் பறிக்க வேண்டும். மிஸ்ட்ரல் என்ற வடகாற்று கொடியின் ஈரத்தை உலர்த்தி நோயை விரட்டுகிறது. பல தோட்டங்களில் மண்ணே தெரியாத அளவுக்கு உருண்டைக் கற்கள். பகல் வெயிலைச் சேமித்து இரவில் விடுகின்றன. ஆனால் எல்லாப் புகழையும் கல்லுக்கே கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அங்கே மிகவும் புகழ்பெற்ற ஷாத்தோ ராயாஸ் தோட்டத்து ஒயின் மணல் நிலத்தில், கிட்டத்தட்ட முழுக்கக் கிரெனாஷில் வருகிறது.

5. முடிந்தால் ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கு ஒயினைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே இந்தக் கலவைக்கு ஜி.எஸ்.எம். என்று பெயர் (கிரெனாஷ், சிரா, முர்வேத்ர் ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகள்). பழச்சுவை தூக்கலாகவும், ரோன் ஒயினில் வரும் காய்ந்த மூலிகை வாசம் குறைவாகவும் இருப்பது வழக்கம்.

தொட்டுக்கொள்ள, அதிகக் காரமில்லாத ஆட்டிறைச்சி வறுவல் சரியாக இருக்கும். மிளகாய் தூக்கலாக இருந்தால் இவ்வளவு ஆல்கஹால் எரிச்சலைத்தான் கூட்டும்.