உளுந்துக்கு ரைசோபியம்: ஒரே வாளியில் கலக்காதீர்கள்

இந்தத் தைப்பட்டத்தில் பக்கத்து வயல் தம்பி உளுந்து விதையை வாளியில் கொட்டி, பூஞ்சாணக் கொல்லியையும் ரைசோபியம் பொட்டலத்தையும் ஒன்றாகப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். ரைசோபியம் என்பது பயறுச் செடியின் வேர் முடிச்சில் இருந்து காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும் பாக்டீரியா. வரப்பிலிருந்து ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். நான் உளுந்து போட்ட முதல் ஆண்டில் செய்த அதே வேலை. விதையை நிழலில் உலர்த்துங்கள், காலாவதி தேதியைப் பாருங்கள் என்பதெல்லாம் பொட்டலத்திலேயே அச்சிட்டிருக்கிறது. அதை விடுத்து மற்றவற்றைச் சொல்கிறேன்.

மருந்தும் பாக்டீரியாவும் ஒரே நாளில்

அந்த ஆண்டு சம்பா அறுவடை முடிந்ததும் மூன்று ஏக்கருக்கு உளுந்து வாங்கினேன். கடையில் கார்பென்டாசிம் என்ற பூஞ்சாணக் கொல்லியையும் ரைசோபியத்தையும் ஒரே பையில் போட்டு, "இரண்டையும் விதையில் கலந்துவிடுங்கள்" என்றார்கள். எப்போது, எந்த வரிசையில் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கஞ்சியில் இரண்டையும் கரைத்து, விதையைப் புரட்டி, இரவு முழுவதும் சாக்கில் மூடி வைத்தேன்.

இருபத்தைந்தாம் நாள் பயிர் வெளுத்தது. மண்வெட்டியால் வேரோடு பெயர்த்து, வாய்க்கால் நீரில் மண்ணைக் கரைத்துப் பார்த்தேன். கடுகளவில் நான்கைந்து முடிச்சுகள் இருந்தன. நகத்தால் கிள்ளினால் உள்ளே வெள்ளை. ஆனால் கடைசிப் பாத்தியில் மட்டும் பயிர் கரும்பச்சையாக நின்றது. அங்கே பெயர்த்த செடியில் ஆணிவேரை ஒட்டி முடிச்சுகள் கொத்தாக இருந்தன. ஒன்றைக் கிள்ளியதும் விரலில் இளஞ்சிவப்புச் சாறு ஒட்டியது. அந்தப் பாத்தி விதைக்கு மருந்து தீர்ந்துபோயிருந்தது. ரைசோபியம் மட்டுமே பூசியிருந்தேன். மற்ற பாத்திகளில் மருந்து பாக்டீரியாவைக் கெடுத்திருந்தது.

அந்தச் சிவப்புதான் முடிச்சு வேலை செய்வதற்கு அடையாளம். நம் இரத்தத்தில் இருப்பதைப் போன்ற ஒரு நிறமி, லெக்ஹீமோகுளோபின், அதற்குள் இருக்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி ஆக்சிஜன் மிகுந்தால் முடங்கிவிடும். ஆக்சிஜனை அளவோடு விடுவது இந்த நிறமி.

முறை இதுதான். கிலோ விதைக்கு 2 கிராம் கார்பென்டாசிம் கலந்து 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். மறுநாள்தான் ரைசோபியம்: ஏக்கருக்கு வேண்டிய 8 கிலோ விதைக்கு 200 கிராம் பொட்டலம் ஒன்று, ஆறிய அரிசிக் கஞ்சியில். அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி அன்றே விதைத்துவிடுங்கள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் ஒரு பட்டத்தையே இழக்கிறார்கள். கடைக்காரர் இந்த ஒரு வரியைச் சொல்லாமல் பையை நீட்டுவதை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை.

வெளுத்ததும் யூரியா

நானும் போட்டேன். மண்ணில் நைட்ரஜன் தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சுக்கு உணவு கொடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். அந்த ஆண்டு தழை முழங்காலைத் தாண்டியது, காய் பிடிக்கவில்லை. கைகொடுக்க வேண்டுமானால் பூக்கும் தறுவாயில் 2 சதவீத டிஏபி (தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள உரம்) கரைசலைத் தெளியுங்கள், பதினைந்து நாள் கழித்து மறுபடியும். அதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள்: இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாக இருந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோய். முடிச்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

எந்தப் பயிருக்கான பொட்டலம்?

ரைசோபியம் என்று எழுதியிருந்தால் போதாது. சோயாவுக்கான பாக்டீரியா உளுந்துக்கு ஒத்துவராது, கொண்டைக்கடலைக்கு உரியது வேறு. கொடைக்கானல் பக்கம் பீன்ஸ் போடுபவர்கள் பீன்ஸுக்கென்றே தயாரித்ததைக் கேட்டு வாங்க வேண்டும். பயறு வகைகளில் நைட்ரஜன் பிடிப்பதில் பீன்ஸ் சற்று மந்தம், அதனால் அதற்கு அடியுரத்தை அடியோடு நிறுத்திவிடாதீர்கள்.

பொட்டலத்தை மோட்டார் கொட்டகைத் தகரத்தின் கீழ் வைப்பது

வெந்துவிடும்.

செடியைப் பிடுங்கிப் பார்ப்பது

பிடுங்கினால் முடிச்சுகள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். பிறகு "முடிச்சே இல்லை" என்று பாக்டீரியாவைக் குறை சொல்வார்கள். மண்வெட்டியை ஒரு சாண் தள்ளிப் போட்டு மண்ணோடு பெயர்த்து, நீரில் கரையவிடுங்கள். தம்பியின் வயலில் வரும் வாரம் இருபத்தைந்தாம் நாள். ஐந்து இடங்களில் பெயர்த்துப் பார்ப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம்.